கடை உங்களுடையது... ஆட் அக்கவுண்ட் யாருடையது?

பூட்டிக்கொண்ட ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம் விளம்பரக் கணக்கை மீட்கும் வழிகள் - கவர் ஸ்டோரி

ஐப்பசி வியாபாரத்தைக் கெடுக்க முன்பெல்லாம் அடைமழை வர வேண்டும். இப்போது போன் திரையில் ஒரு சிவப்புப் பட்டை வந்தால் போதும். ‘உங்கள் விளம்பரக் கணக்கு முடக்கப்பட்டுள்ளது’ என்று அதில் ஒரு வரி இருக்கும். காலையில் வரிசைகட்டி வந்த ‘விலை என்ன?’ மெசேஜ்கள் மதியத்துக்குள் நின்றுபோகும். ஸ்டாக் எடுத்தாகிவிட்டது, தையல்காரருக்கு அட்வான்ஸ் கொடுத்தாகிவிட்டது, வாங்க ஆள் வரும் வழி மட்டும் அடைபட்டுவிட்டது.

இளம்பிள்ளைப் புடவை, திருப்பூர் பனியன், வீட்டிலேயே அரைத்து கூரியரில் அனுப்பும் சாம்பார் பொடி என்று எத்தனையோ சிறு வியாபாரங்களுக்கு இன்று இன்ஸ்டாகிராமும் ஃபேஸ்புக்கும்தான் கடைவீதி. வாடகை, கரன்ட் பில், சம்பளம் என்ற செலவுப் பட்டியலில் ‘ஆட்ஸ்’ என்று ஒரு வரி சேர்ந்து பல வருடம் ஆகிறது. ஆனால், வாடகைக்கு மாதாமாதம் ரசீது கேட்டு வாங்கும் அதே முதலாளியிடம், “ஆட் அக்கவுண்ட் யார் பேர்ல இருக்கு?” என்று கேட்டால், “அதெல்லாம் பையன் பார்த்துக்கறான்” என்பார்.

பூட்டு விழுந்தபின் மீண்டவரையும் மீளாதவரையும் பெரும்பாலும் பிரிப்பது அந்த ஒரு கேள்விதான். கம்ப்யூட்டர் சாமர்த்தியம் இரண்டாம்பட்சம். நிலத் தகராறில் பத்திரமும் பட்டாவும் யார் பெயரில் என்று பார்ப்பதுபோல, இங்கேயும் பெயர்தான் பேசும்.

மூன்று பூட்டு, மூன்று கதவு

திருடன் உள்ளே புகுந்து போட்ட பூட்டு ஒன்று. விதிமீறல் என்று சொல்லி, ஃபேஸ்புக்கையும் இன்ஸ்டாகிராமையும் நடத்தும் மெட்டா நிறுவனமே போட்ட பூட்டு இரண்டாவது. விளம்பர ஏஜென்சியோ, வேலையை விட்டுப் போனவரோ சாவியைத் தராமல் இழுத்தடிப்பது மூன்றாவது. மூன்றுக்கும் தட்ட வேண்டிய கதவு வேறு வேறு.

இதைப் பிரித்துப் பார்க்காமல் பதற்றத்தில் மனுப் போடுவதுதான் காரியத்தைக் கெடுக்கிறது. திருடன் ஓட்டிய விளம்பரத்துக்காக முடங்கிய கணக்கில், ‘எங்கள் விளம்பரத்தில் விதிமீறல் இல்லை, மறுபரிசீலனை செய்யுங்கள்’ என்று எழுதினால், அந்த விளம்பரத்தை நாமே போட்டதாக ஒப்புக்கொண்ட கதையாகிவிடும்.

எது யார் கையில் இருக்கிறது என்பதையும் முதலில் புரிந்துகொள்ள வேண்டும். பேஜுக்கு என்று தனி பாஸ்வேர்டு கிடையாது. யாரோ ஒருவரின் சொந்த ஃபேஸ்புக் ஐடி வழியாகத்தான் பேஜுக்குள் போக முடியும். பேஜ், இன்ஸ்டாகிராம் கணக்கு, ஆட் அக்கவுண்ட், கார்டு விவரம் எல்லாவற்றையும் ஒரே கூரையின் கீழ் வைப்பது பிசினஸ் போர்ட்ஃபோலியோ. பழைய பெயர் பிசினஸ் மேனேஜர். வியாபாரிகள் வாயில் இன்னும் அந்தப் பெயர்தான். அந்தக் கூரைக்குள் முழு அதிகாரம் உள்ள அட்மின் ஒரே ஒருவர் என்றால், அவருடைய சொந்த ஐடி போன நிமிடம் கடையே போய்விடும்.

“ஓடிபி யாருக்கும் சொல்லலையே... எப்படிப் போச்சு?”

திருட்டுக்கு ஆளான பலரும் கேட்கும் கேள்வி இது. இதற்கான பதில் குக்கியில் இருக்கிறது. ஒருமுறை பாஸ்வேர்டும் ஓடிபியும் கொடுத்து உள்ளே போய்விட்டால், ‘இவர் ஏற்கெனவே சோதிக்கப்பட்டவர்’ என்பதற்கு அடையாளமாக பிரவுசரில் ஒரு சிறு கோப்பு தங்கிவிடும். அதனால்தான் தினமும் பாஸ்வேர்டு கேட்பதில்லை. அந்தக் கோப்பைத் திருடி இன்னொரு கம்ப்யூட்டரில் வைத்தால், அங்கேயும் கணக்கு திறந்துகொள்ளும். பாஸ்வேர்டும் வேண்டாம், ஓடிபியும் வேண்டாம். 2023 மார்ச்சில் கனடாவின் லினஸ் டெக் டிப்ஸ் என்ற பிரபல யூடியூப் சேனல் பறிபோனது இந்த வழியில்தான். தொழில்நுட்பமே தொழிலாகக் கொண்ட அந்தக் குழுவில் ஒருவர், ஸ்பான்சர் அனுப்பியதுபோல வந்த கோப்பைத் திறந்தார். அவ்வளவுதான்.

விளம்பரக் கணக்குகளைக் குறிவைத்தே இதைச் செய்யும் கூட்டங்கள் உண்டு. 2022 ஜூலையில் பின்லாந்தின் வித்செக்யூர் நிறுவனம் ‘டக்டெய்ல்’ என்ற கும்பலை அம்பலப்படுத்தியது. வியட்நாமிலிருந்து இயங்கிய அந்தக் கும்பல், டிஜிட்டல் மார்க்கெட்டிங் வேலையில் இருப்பவர்களை லிங்க்டுஇன்னில் தேடிப் பிடித்தது. விளம்பரத் திட்டம், தயாரிப்பு விவரம் என்ற பெயர்களில் சுருக்கிய கோப்பை அனுப்பியது. திறந்தவுடன் குக்கிகள் பறிபோயின. பிசினஸ் மேனேஜரில் திருடனின் மெயில் ஐடி அட்மினாக ஏறியது. 2023 ஜனவரியில் மெட்டாவே கண்டுபிடித்த ‘நோட்ஸ்டீலர்’ என்ற நிரலும் இதே ரகம். பிடிஎஃப், எக்ஸெல் கோப்பு போல வேடமிட்டு விண்டோஸ் கம்ப்யூட்டர்களுக்குள் நுழைந்தது. அந்த ஆண்டு சாட்ஜிபிடி மோகத்தைச் சாதகமாக்கிக்கொண்ட போலி பிரவுசர் எக்ஸ்டென்ஷன்களும் கிளம்பின. அந்தப் பெயரை வைத்துப் பரப்பப்பட்ட 1,000-க்கும் மேற்பட்ட விஷ இணைப்புகளைத் தடுத்ததாக 2023 மே மாதம் மெட்டா அறிவித்தது.

இதில் புழங்கும் தொகையும் சின்னதல்ல. 2019 டிசம்பரில் ஹாங்காங் நிறுவனம் ஒன்றின் மீது ஃபேஸ்புக் வழக்குப் போட்டபோது, பாதிக்கப்பட்டவர்களுக்கு 40 லட்சம் டாலருக்கு மேல் திருப்பிக் கொடுத்ததாகச் சொன்னது. 2021 ஜூனில் வியட்நாமைச் சேர்ந்த நால்வர் மீது போட்ட வழக்கில், அவர்கள் திருட்டுக் கணக்குகளில் ஓட்டிய விளம்பரத்தின் மதிப்பு 3.6 கோடி டாலருக்கு மேல் என்றது. அந்த நால்வர் கையாண்ட தூண்டில், கூகுள் பிளே ஸ்டோரில் வைத்த ‘ஃபேஸ்புக் ஆட்ஸ் மேனேஜர்’ போன்ற ஒரு போலி ஆப்.

நம் ஊர் ஆட் அக்கவுண்ட்டில் திருடனுக்கு என்ன லாபம்? முதலாவது, உங்கள் கார்டு. இரண்டாவது, உங்கள் பெயர். பல வருடம் ஒழுங்காகப் பில் கட்டிய கணக்கை நிறுவனத்தின் இயந்திரங்கள் எளிதில் சந்தேகிப்பதில்லை. புதுக் கணக்கில் ஓடாத மோசடி விளம்பரம், உங்கள் பழைய கணக்கில் ஓடிவிடும். போகிற போக்கில் விதிமீறிய ஓர் இன்ஸ்டாகிராம் கணக்கை உங்கள் ஐடியோடு கோத்துவிட்டுப் போகும் திருடர்களும் உண்டு. அப்போது உங்கள் சொந்த ஐடியும் சேர்ந்தே முடங்கும். புகார் கொடுக்க உள்ளே போகக்கூட வழியில்லாத இரட்டைப் பூட்டு அது.

எளிய தூண்டில்களுக்கும் குறைவில்லை. ‘காப்பிரைட் புகார் வந்திருக்கிறது, 24 மணி நேரத்தில் பேஜ் நீக்கப்படும்’ என்ற மெசேஜ், நீல டிக் வைத்த போலி சப்போர்ட் பேஜ், சந்தா கட்டாமல் இறக்கிய கிராக் போட்டோஷாப் எல்லாமே வாசல்கள்தான். தீபாவளி போஸ்டர் டிசைன் செய்யும் அதே கம்ப்யூட்டரில் ஆட் அக்கவுண்ட்டும் திறந்திருப்பது நம் ஊர் வழக்கம். ஆபத்து அங்கேதான்.

முதல் ஒரு மணி நேரம்: எதற்குப் பிறகு எது?

கணக்கை மீட்க நாள் பிடிக்கும். பணத்தைக் காக்க நிமிடங்கள்தான் உண்டு. எனவே, ஃபேஸ்புக்கோடு மல்லுக்கட்டுவதற்கு முன் செய்ய வேண்டியவை இருக்கின்றன.

1. கார்டை நிறுத்துங்கள். வங்கி ஆப்பிலேயே கார்டைத் தற்காலிகமாக முடக்கலாம். பிறகு வங்கியை அழைத்து, புகார் எண் வாங்கிக்கொள்ளுங்கள். அனுமதியில்லாத மின்னணுப் பரிவர்த்தனைகள் பற்றி ரிசர்வ் வங்கி 2017 ஜூலை 6 அன்று வகுத்த நெறி இங்கே உதவும். தவறு வங்கியிடமும் இல்லை, வாடிக்கையாளரிடமும் இல்லை என்றால், 3 வேலை நாட்களுக்குள் தெரிவித்தவருக்குப் பொறுப்பே இல்லை. தவறு நம் கவனக்குறைவுதான் என்று முடிவானால்கூட, நாம் தெரிவித்த பிறகு ஏற்படும் நஷ்டம் வங்கியைச் சேர்ந்தது. அதனால்தான், தெரிவித்த நேரம் பதிவாகியிருப்பது காசுக்குச் சமம். கார்டில் தானாகப் பிடிக்கும் தொகை ரூ.15,000-ஐத் தாண்டினால் ஒவ்வொரு முறையும் ஒப்புதல் வேண்டும் என்ற விதியை நம்பிச் சும்மா இருந்துவிடக் கூடாது. சின்னச் சின்னத் தொகையாகப் பிடித்தாலும் மொத்தம் பெரிதாகும்.

ஒரு கவனம் வேண்டும். நீங்களே போட்ட பழைய விளம்பரங்களுக்கான பில்லையும் சேர்த்து ‘நான் செலவழிக்கவில்லை’ என்று மறுத்துவிடாதீர்கள். அது பாக்கியாக நின்று, கணக்குக்கு இன்னொரு பூட்டாகும்.

2. 1930-ஐ அழையுங்கள். பணம் போயிருந்தால் தேசிய சைபர் குற்ற உதவி எண்ணில் உடனே சொல்ல வேண்டும். தேசிய சைபர் குற்றப் புகார் தளத்திலும் பதியலாம். தமிழ்நாட்டில் மாவட்டந்தோறும் சைபர் கிரைம் காவல் நிலையம் இருக்கிறது. நேரில் புகார் கொடுத்து சி.எஸ்.ஆர். ரசீது வாங்குங்கள். தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66சி, 66டி பிரிவுகள் இதற்குப் பொருந்துபவை. ஒருவரின் பாஸ்வேர்டையோ மின் அடையாளத்தையோ திருடிப் பயன்படுத்தினால் 3 ஆண்டு வரை சிறை, ரூ.1 லட்சம் வரை அபராதம் என்கிறது 66சி. திருடன் கடல் கடந்து இருக்கலாம். அவனைப் பிடிப்பது பிறகு. அந்த ரசீது பின்னால் வங்கியிடமும் மெட்டாவிடமும் உங்களுக்காகப் பேசும்.

3. மெயிலைக் கைப்பற்றுங்கள். ஃபேஸ்புக் ஐடியின் சாவி அதோடு இணைந்த மெயிலில் இருக்கிறது. மெயிலின் பாஸ்வேர்டை மாற்றி, எல்லாக் கருவிகளிலிருந்தும் வெளியேற்றுங்கள். மீட்பு எண்ணைத் திருடன் மாற்றியிருக்கிறானா, மெயில்களை வேறு முகவரிக்குத் திருப்பிவிட்டிருக்கிறானா என்று பாருங்கள்.

4. எந்தக் கருவியில் செய்கிறீர்கள் என்பது முக்கியம். விஷம் ஏறிய கம்ப்யூட்டரிலேயே பாஸ்வேர்டு மாற்றினால், புது குக்கியும் திருடனிடம் போகும். அதே நேரம், முன்பின் தெரியாத புதுக் கருவியிலிருந்து முயன்றால் ஃபேஸ்புக் நம்மைத்தான் சந்தேகிக்கும். பெரும்பாலானவர்களுக்கு நடுவழி, வழக்கமாகப் பயன்படுத்தும் சொந்த போன். நுழைந்தது விண்டோஸ் கம்ப்யூட்டரைக் குறிவைத்த திருட்டு நிரல் என்றால் போன் தப்பியிருக்க வாய்ப்பு அதிகம்.

5. பிறகுதான் மெட்டா. ஃபேஸ்புக் முகவரியோடு ஒரு சாய்கோடு போட்டு ஆங்கிலத்தில் ‘ஹேக்டு’ என்று சேர்த்தால், திருட்டுப்போன கணக்குக்கான மீட்புப் பக்கம் திறக்கும். அடையாள அட்டை கேட்டால், ஐடியில் இருக்கும் பெயரும் அட்டையில் இருக்கும் பெயரும் ஒத்துப்போக வேண்டும். ‘கிங் மேக்கர் சிவா’ என்று ஐடி வைத்திருப்பவர்கள் தடுமாறுவது இங்கேதான்.

இன்னோர் அட்மின் உள்ளே இருந்தால் வேலை பாதியாகக் குறையும். அவர் நுழைந்து, தெரியாத நபர்களை நீக்கி, விளம்பரங்களை நிறுத்தி, கார்டை எடுத்துவிடலாம். நபர்கள் பட்டியலோடு நின்றுவிடக் கூடாது. பார்ட்னர் பட்டியல், நிலுவையில் உள்ள அழைப்புகள், இணைத்த ஆப்கள் வரை பார்க்க வேண்டும். பின்வாசலைத் திறந்துவைத்துவிட்டுத்தான் திருடன் போயிருப்பான்.

கம்பெனியே பூட்டினால்...

இரண்டாவது வகையில் திருடன் இல்லை. தீர்ப்புச் சொல்வது பெரும்பாலும் இயந்திரம். புதுக் கணக்கு, புதுக் கார்டு, முதல் நாளே பெரிய தொகை என்ற மூன்றும் சேர்ந்தால் சந்தேகம் விழும். பேமென்ட் தவறினாலும் விளம்பரம் நிற்கும். ஆனால், நம் ஊர் வியாபாரிகள் அறியாமல் மாட்டுவது சரக்கின் விதிகளில்தான்.

பட்டாசை எடுத்துக்கொள்வோம். சிவகாசியில் பட்டாசு சட்டபூர்வத் தொழில். மெட்டாவின் விளம்பர விதிகளிலோ அது ஆயுதம், வெடிபொருள் வரிசையில் வருகிறது. இங்கேயும் 2018 அக்டோபர் 23 தீர்ப்பில் இணையவழிப் பட்டாசு விற்பனைக்கு உச்ச நீதிமன்றம் தடை போட்டிருக்கிறது. ‘கடைக்கு வாங்க’ என்று நினைத்து பூஸ்ட் செய்தாலும், இயந்திரத்துக்குத் தெரிவது வெடிபொருள் விளம்பரம்தான்.

சித்த மருந்துக்கும் இதே கதை. ‘முன்பு - பின்பு’ படங்கள் மெட்டாவின் உடல்நல விளம்பர விதிகளில் சிக்கும். சர்க்கரை நோயைக் குணப்படுத்துவோம் என்ற வாக்குறுதியோ 1954-ம் ஆண்டின் மருந்துகள், மாய நிவாரணிகள் சட்டத்திலேயே குற்றம்.

உண்மையிலேயே தவறு இல்லையென்றால், பிசினஸ் சப்போர்ட் ஹோம் பகுதியில் முடங்கிய கணக்கைத் தேர்ந்தெடுத்து ‘ரிவ்யூ’ கேட்கலாம். முடக்கியதை எதிர்த்துக் கேட்கக் கெடு உண்டு. தீபாவளி போகட்டும், பொங்கலுக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போட்டால் அந்தப் பொத்தானே காணாமல் போகும். மனுவில் கோபமும் கண்ணீரும் வேண்டாம். ஆட் அக்கவுண்ட் எண், போர்ட்ஃபோலியோ எண், எந்தத் தேதியில் என்ன நடந்தது, பில் நகல்கள், ஜிஎஸ்டி சான்றிதழ் அல்லது உத்யம் பதிவு, திருட்டு என்றால் போலீஸ் ரசீது. இவற்றைச் சொன்னால் போதும். ஒவ்வொரு முறையும் கதை மாறாமல் ஒரே மாதிரி சொல்லுங்கள். பேச்சு சாட்டில் நடந்தால் கேஸ் எண்ணைக் குறித்துவைத்து, உரையாடலைப் படமெடுத்துக்கொள்ளுங்கள்.

காத்திருக்கப் பொறுக்காமல் மனைவி பெயரில் ஒரு கணக்கு, மச்சான் பெயரில் ஒரு கணக்கு என்று திறந்து அதே விளம்பரத்தை ஓட்டுவது நம்மவர்கள் உடனே செய்யும் காரியம். தடையைச் சுற்றிக்கொண்டு போவதே மெட்டாவின் விளம்பர விதிகளில் தனிக் குற்றம். நல்ல கணக்குகளும் ஒவ்வொன்றாக விழும். ‘வாடகைக்கு ஆட் அக்கவுண்ட் தருகிறோம்’ என்று டெலிகிராமில் வருபவர்கள் தருவது, இன்னொரு கடைக்காரரிடமிருந்து திருடியதாகவும் இருக்கலாம்.

நம்மவரே பூட்டினால்...

மூன்றாவது பூட்டில்தான் மனக்கசப்பு அதிகம். கடை தொடங்கிய காலத்தில், “நீங்க கவலைப்படாதீங்க சார், எல்லாம் நாங்களே பார்த்துக்கறோம்” என்று ஏஜென்சி சொன்னது. ஆட் அக்கவுண்ட்டைத் தன் போர்ட்ஃபோலியோவிலேயே தொடங்கியது. பணம் கட்டியது முதலாளி. கணக்கு ஏஜென்சியின் சொத்து. ஒரு போர்ட்ஃபோலியோவுக்குள் தொடங்கிய ஆட் அக்கவுண்ட்டை இன்னொன்றுக்கு மாற்ற முடியாது. ஏஜென்சியே மனம் வைத்தாலும் பார்க்கவும் இயக்கவும் அனுமதி தரலாமே தவிர, உரிமையைக் கைமாற்ற வழியில்லை.

பிரியும்போது சண்டையில் இறங்குவதற்கு முன் எதை மீட்க முடியும் என்று கணக்குப் போடுங்கள். ஆட் அக்கவுண்ட்டைவிடப் பேஜ் பெரிது. இன்ஸ்டாகிராம் கணக்கு அதைவிடப் பெரிது. இணையதளத்துக்கு வந்து போனவர்களைக் குறித்துவைக்கும் பிக்சலும், பழைய வாடிக்கையாளர் பட்டியலும் அடுத்தது. இவற்றை வாங்கிவிட்டால், புது ஆட் அக்கவுண்ட்டை உங்கள் பெயரில் தொடங்குவது ஒன்றும் பெரிய நஷ்டமல்ல. பாக்கிப் பணத்தைத் தீர்ப்பதையும் அட்மின் உரிமையைத் தருவதையும் ஒரே சந்திப்பில் வைத்துக்கொள்வது புத்திசாலித்தனம்.

ஒத்துவரவில்லை என்றால், அட்மின் உரிமைத் தகராறு என்றே மெட்டாவிடம் மனுப் போடலாம். உங்களுக்கும் அந்த வியாபாரத்துக்கும் என்ன தொடர்பு, எதிர்த் தரப்பு யார், அவருக்கு ஏன் உரிமை இல்லை என்று கையெழுத்திட்ட வாக்குமூலம், அடையாள அட்டை, நிறுவன ஆவணங்கள் தேவைப்படும். ஜிஎஸ்டி சான்றிதழில் ‘ஸ்ரீ முருகன் டெக்ஸ்டைல்ஸ்’ என்றும், பேஜில் ‘ட்ரெண்டி சாரீஸ் ஹப்’ என்றும் இருந்தால், இரண்டும் ஒன்று என்று நிரூபிக்கும் சுமை உங்கள் தலையில். டிரேட்மார்க் பதிவோ, அந்தப் பெயர் அச்சிட்ட பில் புத்தகமோ அங்கே கை கொடுக்கும்.

டெல்லியில் ஒரு கதவு

மெட்டாவின் பதிலே கடைசி வார்த்தை என்று பலரும் கைவிட்டுவிடுகிறார்கள். இந்தியாவில் அதற்கு மேலும் ஒரு படி இருக்கிறது. 2021-ன் தகவல் தொழில்நுட்ப விதிகளின்படி, பெரிய சமூக ஊடக நிறுவனங்கள் இந்தியாவில் வசிக்கும் குறைதீர் அதிகாரியை நியமிக்க வேண்டும். அவருக்கு அனுப்பும் புகாரை 24 மணி நேரத்தில் பெற்றுக்கொண்டதாகச் சொல்ல வேண்டும். தீர்த்துவைக்க 2021-ல் அந்த விதிகள் வகுத்த கெடு 15 நாள்; 2026 பிப்ரவரித் திருத்தத்தில் அது 7 நாளாகக் குறைந்தது.

பதில் வரவில்லை, அல்லது வந்த பதில் திருப்தியில்லை என்றால் குறைதீர் மேல்முறையீட்டுக் குழுவுக்குப் போகலாம். 2022 அக்டோபரில் விதியைத் திருத்தி உருவாக்கிய குழு இது. 2023 ஜனவரியில் மூன்று குழுக்கள் அறிவிக்கப்பட்டு, மார்ச் 1 முதல் இயங்குகின்றன. அதிகாரியின் பதில் கிடைத்த 30 நாளுக்குள் முறையிட வேண்டும். எல்லாமே இணைய வழியில்தான். டெல்லிக்கு ரயில் ஏற வேண்டியதில்லை, வக்கீலும் கட்டாயமில்லை. குழுவும் 30 நாளுக்குள் முடிக்க முயல வேண்டும் என்கிறது விதி. தீர்ப்பு உங்கள் பக்கமே வரும் என்று உத்தரவாதமில்லை. ஆனால், இயந்திரம் நிராகரித்த மனுவை அங்கே மனிதர்கள் படிக்கிறார்கள்.

நுகர்வோர் நீதிமன்றம் உதவுமா? வணிக நோக்கில் வாங்கிய சேவைக்கு 2019 நுகர்வோர் சட்டம் பொதுவாகப் பொருந்தாது. சுயதொழில் செய்து பிழைப்பு நடத்துபவருக்கு மட்டும் அதில் விலக்கு உண்டு. வீட்டில் புடவை விற்கும் பெண் அந்த வாதத்தை வைக்கலாம்; பத்துக் கிளை உள்ள கடை வைக்க முடியாது.

*பெட்டிச் செய்தி*

‘மீட்டுத் தர்றோம், ஃபீஸ் முதல்ல!’

அக்கவுண்ட் போய்விட்டது என்று சமூக ஊடகத்தில் எழுதிப் பாருங்கள். சில நிமிடங்களில், ‘இவர்தான் எனக்கு மீட்டுத் தந்தார்’ என்று முகம் தெரியாத யாரோ ஒரு ‘எக்ஸ்பர்ட்’ ஐடியைக் காட்டுவார். முன்பணம் வாங்குவார்கள். அப்புறம் ‘சர்வர் கட்டணம்’ என்பார்கள். கடைசியில் ஓடிபி கேட்பார்கள். முதல் திருட்டில் தப்பியதும் இரண்டாவதில் போகும்.

உள்ளே ஆள் வைத்திருப்பதாகச் சொல்பவர்களிடம் கூடுதல் எச்சரிக்கை வேண்டும். அது எப்போதுமே பொய் என்றும் சொல்ல முடியாது. கணக்கு மீட்புக்காக ஊழியர்களுக்கென வைத்திருந்த ‘ஊப்ஸ்’ என்ற உள்வசதியைத் தவறாகப் பயன்படுத்தியதாக மெட்டா இருபத்து நான்குக்கும் மேற்பட்ட ஊழியர்கள், ஒப்பந்தப் பணியாளர்கள் மீது நடவடிக்கை எடுத்ததையும், சில நேர்வுகளில் லஞ்சம் கைமாறியதையும் 2022 நவம்பரில் வால் ஸ்ட்ரீட் ஜர்னல் வெளியிட்டது. அந்த வழியில் திரும்பி வரும் கணக்கு, அதே வழியில் மறுபடி போகும்.

பேச ஆள் ஏன் இல்லை?

கோடிக்கணக்கில் விளம்பரம் கொடுப்பவருக்கு அக்கவுண்ட் மேனேஜர் உண்டு. தினம் சில நூறு ரூபாய் போடுபவருக்குத் தானியங்கி பதில்தான். மாதக் கட்டணம் கட்டி ‘மெட்டா வெரிஃபைடு’ வாங்கினால் மனிதர்களோடு பேசும் வசதி கிடைக்கிறது. அதாவது, தன் கடையிலேயே நடந்த திருட்டைப் பற்றிப் பேசுவதற்கும் தனிக் கட்டணம்.

இது நம் ஊர்க் குறை மட்டுமில்லை. நியூயார்க் அட்டர்னி ஜெனரல் அலுவலகத்துக்கு மெட்டா கணக்குப் பறிப்பு பற்றி 2019-ல் வந்த புகார்கள் 73. 2023-ல் அது 783. பொறுக்க முடியாமல், அமெரிக்காவின் 41 அட்டர்னி ஜெனரல்கள் 2024 மார்ச்சில் மெட்டாவுக்குக் கூட்டாகக் கடிதம் எழுதினார்கள். உங்கள் நிறுவனத்தின் வாடிக்கையாளர் சேவையாக நாங்கள் வேலை பார்க்க முடியாது என்பதுதான் அதன் சாரம். அங்கே சிலர் சிறு தொகை வழக்குகளுக்கான நீதிமன்றத்தில் மெட்டா மீது வழக்குப் போட்டார்கள். சம்மன் போன பிறகுதான் நிறுவனம் பேச வந்தது, கணக்கும் திரும்பியது.

மெட்டாவின் 2024 வருவாய் சுமார் 16,450 கோடி டாலர். கிட்டத்தட்ட முழுவதும் விளம்பரப் பணம். அதில் சுமார் 10 சதவிகிதம் மோசடி, தடைசெய்த சரக்குகளின் விளம்பரங்களிலிருந்து வருவதாக அந்த நிறுவனமே உள்ளுக்குள் மதிப்பிட்டிருந்தது என்று 2025 நவம்பரில் ராய்ட்டர்ஸ் வெளியிட்டது. மோசடி என்று 95 சதவிகிதம் உறுதியானால்தான் விளம்பரதாரரை விலக்கினார்கள் என்றும் அந்தச் செய்தி சொன்னது. அந்த மதிப்பீடு தோராயமானது, தேவைக்கு அதிகமாகக் கூட்டிப் போட்டது என்று மெட்டா மறுத்தது. மறுப்பையும் சேர்த்து எடுத்துக்கொண்டாலும், ஒரு புடவைக் கடைக்காரருக்குக் கேட்க ஒரு கேள்வி இருக்கிறது: மோசடிக்காரனை விலக்க அத்தனை உறுதி தேவைப்படும் இயந்திரம், என்னை முடக்க எவ்வளவு உறுதி வைத்திருந்தது?

பூட்டு விழும் முன்...

அந்தக் கேள்விக்குப் பதில் வரும்வரை கடை நடந்தாக வேண்டும். போர்ட்ஃபோலியோவை முதலாளி பெயரில் தொடங்குங்கள். ஏஜென்சிக்குப் பார்ட்னர் அனுமதி மட்டும் கொடுங்கள். வேலைக்கு இருக்கும் பையனுக்கு விளம்பரம் ஓட்டும் அளவுக்கு அதிகாரம் போதும். கார்டைத் தொடும் அதிகாரம் வேண்டாம். பாஸ்வேர்டோடு ஓடிபியும் கேட்கும் டூ ஃபேக்டரை எல்லோருக்கும் கட்டாயமாக்குங்கள். அது குக்கித் திருட்டைத் தடுக்காது என்றாலும் மற்ற பல திருட்டுகளைத் தடுக்கும். விளம்பரம் ஓட்டும் கம்ப்யூட்டரில் கிராக் சாஃப்ட்வேர் வேண்டாம். முடிந்தால் கார்டுக்குப் பதில், யூபிஐ வழியாக முன்பணம் போட்டு ஓட்டுங்கள். திருடன் வந்தாலும் அந்த இருப்போடு நிற்பான். கார்டுதான் என்றால், ஆட் அக்கவுண்ட்டில் செலவு வரம்பு வையுங்கள். கார்டிலும் குறைந்த வரம்பு வையுங்கள்.

பேஜின் பெயர், பில்லில் இருக்கும் பெயர், ஜிஎஸ்டியில் இருக்கும் பெயர் மூன்றும் ஒத்துப்போகட்டும். ஆட் அக்கவுண்ட் எண், போர்ட்ஃபோலியோ எண் இரண்டையும் கல்லாப்பெட்டி நோட்டில் எழுதிவையுங்கள். பூட்டிய பிறகு அவற்றைத் தேட உள்ளே போக முடியாது. வாங்கியவர்களின் போன் எண்களை அவர்கள் சம்மதத்தோடு உங்களிடமே சேர்த்துவாருங்கள். தீபாவளிக்கு முந்தின வாரம் விளம்பரம் நின்றாலும், ‘புது ஸ்டாக் வந்திருக்கு’ என்று சொல்ல அந்த நோட்டு போதும்.

இத்தனையையும் ஒரே நாளில் செய்ய முடியவில்லையா? ஒன்றை மட்டும் செய்யுங்கள். போர்ட்ஃபோலியோவில் முழு அதிகாரத்தோடு இரண்டாவது அட்மினைச் சேருங்கள். அது மனைவியோ, மகளோ, நாற்பது வருடப் பங்காளியோ, சம்பளமும் கமிஷனும் தாண்டி அந்தக் கடையில் உரிமை உள்ள ஒருவராக இருக்கட்டும். இன்று ராத்திரி கடை சாத்தும் முன் அந்த அழைப்பை அனுப்பி, அவர் ஏற்றுக்கொண்டாரா என்று பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.